இன்ஸ்பயர் உதவித்தொகையில் கோடைக்கால ஆய்வுக்கான 20,000 ரூபாய்: யாருக்கு, எதற்கு, எப்படி?

அறிவியல் பட்டப்படிப்பில் சேரும் மாணவர்களுக்கு மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை வழங்கும் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகையை ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று ஒரே தொகையாகச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது இரண்டு பகுதிகளைக் கொண்டது. மாதம் 5,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 60,000 ரூபாய் படிப்புக்கான உதவித்தொகை; எஞ்சிய 20,000 ரூபாய், கோடை விடுமுறையில் ஓர் ஆய்வாளரின் நேரடி வழிகாட்டலில் ஆய்வுப்பணி செய்து முடித்தவருக்கு மட்டுமே உரியது. முதல் பகுதியைப் பற்றிக் கல்லூரி அலுவலகத்திலேயே விவரம் கிடைத்துவிடும். இரண்டாவது பகுதியைப் பற்றி எடுத்துச் சொல்பவர்கள் குறைவு என்பதால், ஏப்ரல் மாதத் தேர்வுகளுக்கு நடுவே அவசரமாக யாரோ ஒருவரைத் தேடி, எதையோ எழுதிக் கொடுக்கும் சடங்காக அது பல மாணவர்களிடம் சுருங்கிப்போகிறது. இந்தத் திட்டத்தில் மிகுந்த மதிப்புள்ள பகுதி அதுவே என்பது என் கருத்து.

இன்ஸ்பயர் திட்டம் 2008ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்கால் தொடங்கிவைக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் ஏறக்குறைய அனைவரும் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் சென்றுவிட, இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் போன்ற அடிப்படை அறிவியல் துறைகளுக்கு நல்ல மாணவர்கள் கிடைப்பது அரிதாகிவந்த நிலையை மாற்றுவதே அதன் நோக்கம். பொறியியல், மருத்துவம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் சேர்ந்தவர்கள் எவ்வளவு மதிப்பெண் பெற்றிருந்தாலும் இந்த உதவித்தொகைக்குத் தகுதி பெறாததற்கும், பணத்தோடு ஆய்வுப்பணியும் ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டதற்கும் இதுவே காரணம். உதவித்தொகை கொடுத்தால் ஒருவர் பட்டப்படிப்பில் சேர்வார். ஆனால் அவர் ஆய்வுத் துறையிலேயே நிலைக்க வேண்டுமானால், ஆய்வு எப்படி நடக்கிறது என்பதை இளம் வயதிலேயே உடனிருந்து பார்த்திருக்க வேண்டும். பாடப்புத்தகத்தையும் செய்முறைப் பதிவேட்டையும் தாண்டாமலே இளநிலைப் படிப்பை முடித்துவிடக்கூடிய நம் கல்லூரிச் சூழலில் இந்தத் தேவை இன்னும் அதிகம்.

இதே பெயரில் வேறு திட்டங்களும் இருப்பதால் குழப்பம் வருவதுண்டு. பள்ளி மாணவர்களின் புதுமையான யோசனைகளுக்குப் பரிசளிக்கும் மானக் திட்டம், பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குச் சில நாட்கள் நடத்தப்படும் இன்ஸ்பயர் அறிவியல் முகாம், முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான இன்ஸ்பயர் ஃபெலோஷிப் ஆகியவை தனித்தனியானவை. இங்கே பேசப்படுவது இளநிலை, முதுநிலை அறிவியல் மாணவர்களுக்கான உதவித்தொகையும் அதன் கோடைக்கால ஆய்வும் மட்டுமே.

ஆண்டுக்கு 12,000 பேர் வரை இந்த உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு இடமுண்டு. வயது 17 முதல் 22க்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தாம் எழுதிய கல்வி வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்திருப்பதே பெரும்பாலோர் நுழையும் வழி. தமிழ்நாடு மாநில வாரியத்துக்கு ஒரு கட்-ஆஃப், சிபிஎஸ்இக்கு வேறொன்று என வாரியத்துக்கு வாரியம் அளவு மாறும் என்பதால், வேறு வாரியத்தில் படித்த நண்பரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஜேஇஇ, நீட் போன்ற தேசிய நுழைவுத் தேர்வுகளில் முதல் 10,000 இடங்களுக்குள் வந்தும் பொறியியலையோ மருத்துவத்தையோ தேர்ந்தெடுக்காமல் அடிப்படை அறிவியலில் சேர்ந்தவர்களும், அறிவியல் ஒலிம்பியாடில் பதக்கம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். எந்த வழியில் வந்தாலும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அதே ஆண்டில் பிஎஸ்சி அல்லது ஒருங்கிணைந்த எம்எஸ்சி படிப்பின் முதலாம் ஆண்டில் சேர்ந்திருப்பதும், அந்த ஆண்டிலேயே இணையவழியில் விண்ணப்பிப்பதும் அவசியம். கல்லூரி முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒப்புதல் சான்றிதழ் இல்லாத விண்ணப்பம் நிராகரிக்கப்பட நேரிடும். தேர்வு பெற்ற பிறகு ஆண்டுதோறும் 60 சதவீத மதிப்பெண்ணைக் காத்துக்கொண்டால், முதுநிலைப் படிப்பும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் வரை உதவித்தொகை தொடரும்.

இனி கோடைக்கால ஆய்வுக்கு வருவோம். அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வு நிறுவனத்திலோ பல்கலைக்கழகத் துறையிலோ, தாமே ஆய்வில் ஈடுபட்டுவரும் ஒருவரை நெறியாளராகக் கொண்டு, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரம் ஒரு குறிப்பிட்ட தலைப்பில் பணியாற்றுவதே இதன் வடிவம். இளநிலை முதலாண்டு மாணவர் எட்டு வாரத்தில் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடப் போவதில்லை. அப்படி யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. வேதியியல் மாணவர் ஒரு சேர்மத்தைத் தயாரித்து, தூய்மைப்படுத்தி, அதன் நிறமாலையைப் பதிவு செய்து படிக்கக் கற்றுக்கொண்டால் அது நல்ல கோடை. உயிரியல் மாணவர் கிருமித் தொற்றில்லாமல் ஒரு நுண்ணுயிர் வளர்ப்பைப் பராமரிக்கவே முதல் இரண்டு வாரம் பிடிக்கும். கணிதத்தில் ஆய்வகம் என்று எதுவும் இல்லை. ஒரு நூலின் சில இயல்களை ஆழ்ந்து படித்து, வாரந்தோறும் நெறியாளர் முன்னிலையில் கரும்பலகையில் நிறுவிக் காட்டுவதே அங்கே ஆய்வுப்பணி. பாறைகளையும் நில அமைப்பையும் படிக்கும் நிலவியல் மாணவருக்கு அரியலூர்ப் பகுதியில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலப் படிவுகளில் களப்பணி செய்வது எந்தக் குளிரூட்டிய ஆய்வகத்துக்கும் குறைந்ததில்லை.

எங்கே செய்வது என்ற கேள்விக்கு, ஐஐடி என்ற ஒரே விடையோடு நின்றுவிடுபவர்கள் அதிகம். சென்னை ஐஐடியில் இடம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் விண்ணப்பங்கள் குவியும் இடம் அது. தமிழ்நாட்டுக்குள்ளேயே தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும், சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகமும், அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. வானியலில் ஆர்வமுள்ளவர்களுக்குப் பெங்களூரில் தலைமையிடம் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம் கொடைக்கானலிலும் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரிலும் ஆய்வுக்கூடங்களை நடத்துகிறது. கடலுயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம், உயிரியலுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம், படிகவியலுக்கு இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரன் உருவாக்கிய மரபு கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் எனப் பல்கலைக்கழகத் துறைகளும் உண்டு. பெரிய நிறுவனத்தின் பெயர் சான்றிதழில் அழகாக இருக்கலாம். ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது உங்களோடு உட்கார்ந்து பேச நேரமுள்ள நெறியாளர் அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் கிடைப்பாரானால், முதல் கோடைக்கு அவரே மேல்.

நெறியாளரைத் தேடும் வேலையை டிசம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளில் இரட்டைப்படைப் பருவத் தேர்வுகள் ஏப்ரல், மே மாதங்களில் நடந்து, ஜூன் மாதத்திலேயே வகுப்புகள் மீண்டும் தொடங்கிவிடுவதால், எட்டு வார விடுமுறை முழுமையாகக் கிடைப்பதே கடினம். செய்முறைத் தேர்வு எப்போது முடிகிறது, கல்லூரி எந்தத் தேதியில் திறக்கிறது என்பதைக் கணக்கிட்டு, தேவைப்பட்டால் முதல் சில நாட்கள் தாமதமாக வருவதற்குத் துறைத் தலைவரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது. நெறியாளருக்கு எழுதும் மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நீங்கள் யார், எந்த ஆண்டு படிக்கிறீர்கள், அவருடைய ஆய்வில் எந்தப் பகுதி உங்களை ஈர்த்தது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், இன்ஸ்பயர் உதவித்தொகை பெறுகிறீர்கள் என்ற ஐந்து செய்திகள் போதும். கடைசிச் செய்தி முக்கியமானது. நிறுவனத்திலிருந்து பணம் எதிர்பார்க்காமல் வரும் மாணவருக்கு அனுமதி தருவது நெறியாளருக்கு எளிது. ஐம்பது பேராசிரியர்களின் முகவரிகளை ஒரே மின்னஞ்சலில் வரிசையாகச் சேர்த்து, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கும் கடிதங்களுக்குப் பதில் வராததில் வியப்பில்லை. அந்த ஐம்பது பேரில் அம்மையார்களும் இருப்பார்கள்!

பணம் எப்போது வரும் என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 20,000 ரூபாய் முன்பணமாகத் தரப்படுவதில்லை. ஆய்வை முடித்து, அறிக்கையும் நெறியாளரின் சான்றிதழும் சமர்ப்பித்து, அவை சரிபார்க்கப்பட்ட பிறகே அது விடுவிக்கப்படும். அதற்குச் சில மாதங்கள் ஆவதும் உண்டு. எனவே பயணச் செலவு, தங்குமிட வாடகை, சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றை மாணவரே முதலில் செய்தாக வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ விடுதி இடம் கிடைக்காமல் வெளியே அறை எடுத்துத் தங்கினால், இரண்டு மாதச் செலவுக்கே இந்தத் தொகை போதாமல் போகலாம். வசதி குறைந்த குடும்பத்து மாணவர் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, நிறுவன விடுதியில் இடம் உண்டா, கட்டணம் எவ்வளவு என்பதை அனுமதிக் கடிதம் வரும் கட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சில நிறுவனங்கள் தம் சொந்தக் கோடைத் திட்டத்தில் சேரும் மாணவர்களுக்கு மாத ஊக்கத்தொகை தருகின்றன. இன்ஸ்பயர் பெறுபவருக்கும் அது கிடைக்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதால், இரண்டையும் வாங்கிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லும் நிலைக்கு ஆளாகாமல் தொடக்கத்திலேயே உண்மையைத் தெரிவித்துவிடுவது பாதுகாப்பானது.

ஆய்வு முடிந்ததும் அறிக்கை எழுத வேண்டும். தலைப்பு, நோக்கம், செய்முறை, கிடைத்த முடிவுகள், அவற்றின் பொருள் ஆகியவை அதில் இருந்தாக வேண்டும். எதிர்பார்த்த முடிவு வராமல் போனால், வராததையே எழுதலாம். நெறியாளரின் சான்றிதழில் ஆய்வு தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும், அவருடைய கையெழுத்தும் நிறுவன முத்திரையும் தெளிவாக இருக்கின்றனவா என்று ஊர் திரும்புவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்திலிருந்து முத்திரைக்காக மறுபடியும் பயணம் போவது வீண் செலவு. சான்றிதழ் படிவம் இன்ஸ்பயர் இணையதளத்தில் கிடைக்கும். ஆண்டு மதிப்பெண் பட்டியல் உள்ளிட்ட ஆவணங்களோடு சேர்த்து இதையும் அங்கேயே பதிவேற்ற வேண்டும். வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தைச் சிலர் முன்னும் சிலர் பின்னும் போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தால் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதில் சிக்கல் வரக்கூடும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு பத்து நாள் பயிற்சி கொடுத்து, ஆய்வு செய்ததாகச் சான்றிதழ் தரும் தனியார் மையங்கள் நகரங்களில் பெருகியிருக்கின்றன. ஆயத்த அறிக்கையையும் அவர்களே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். அவை இந்தத் திட்டம் கூறும் ஆய்வு நிறுவனங்கள் அல்ல. நிராகரிப்பு ஒருபுறமிருக்க, செய்யாத வேலைக்குப் பொதுப்பணத்தைப் பெறுவது முறைகேடு.

இன்ஸ்பயர் கிடைக்காத மாணவர்களுக்கும் கோடை ஆய்வுக்கு வழியுண்டு. பெங்களூரில் 1934இல் சி. வி. ராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் (இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ்), புதுடெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு நல்கையை நடத்துகின்றன. இதில் நெறியாளரை மாணவர் தேடிப் போக வேண்டியதில்லை. தேர்ந்தெடுக்கப்படுபவரைக் கழகங்களே ஓர் அறிவியலாளரிடம் சேர்த்துவைத்து, மாத நல்கையும் தருகின்றன. பொறியியல் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதால் இதன் வாசல் இன்ஸ்பயரைவிட அகலமானது. எதைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறீர்கள் என்று சுருக்கமாக ஒரு குறிப்பும், உங்களை அறிந்த ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் கேட்கப்படும். அடுத்த கோடைக்கான விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே பெறப்படுவதால், பரிந்துரை எழுதித் தருமாறு ஆசிரியரிடம் தீபாவளியை ஒட்டியே சொல்லிவைப்பது நல்லது. மாணவர்களுக்கு மட்டுமல்லாமல் கல்லூரி ஆசிரியர்களுக்கும் இந்த நல்கை உண்டு. பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர் தமக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவைக்கலாம்.