மானிட்டர் வாங்கப் போறீங்களா, முதல்ல ஒரு நூல் எடுங்க

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கண்ணாடிக் கடையில கண் பரிசோதனை பண்றதுதான் என் வேலை. செந்தூல்ல இருந்து ஒரு ஆண்டி வந்தாங்க, 58 வயசு, வீட்ல இருந்தே கணக்கு எழுதுறாங்க. "மகன் 27 இஞ்ச் மானிட்டர் வாங்கிக் கொடுத்தான்மா, ஆனா 6 எது 8 எதுன்னே தெரியல, கழுத்து வேற பிடிச்சிக்குது, பவர் ஏறிடுச்சு போல"ன்னாங்க. செக் பண்ணா பவர் அப்படியேதான் இருக்கு.

கண்ல இருந்து ஸ்கிரீன் வரைக்கும் ஒரு நூல் பிடிச்சு முடிச்சு போட்டுக் கொண்டு வாங்க ஆண்டின்னு அனுப்பிட்டேன். மறுநாள் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிற நூல்ல ரெண்டு முடிச்சோட வந்தாங்க. ஸ்கிரீனுக்கு 68 சென்டிமீட்டர், மேசையில வைக்கிற பில்லுக்கு 42.

விஷயமே இங்கதான் இருக்கு. 40 வயசு வாக்குல கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் இறுகிடுது, கிட்டப் பார்க்கிறதுக்கு முன்ன மாதிரி உப்பிக் கொடுக்காது, நாம வெள்ளெழுத்துன்னு சொல்றது இதைத்தான். ஆண்டி கண்ணாடியில படிக்கிறதுக்குக் கூட்டியிருந்த பவர் 2.25, அது அந்த 42-க்குச் சரி, ஆனா 68-க்கு ஏறக்குறைய 1.50 போதும். அவங்களோடது புரோகிரசிவ், மேல தூரம், கீழ படிக்க, நடுவுல சந்து மாதிரி ஒரு குறுகலான இடம், அந்தச் சந்து வழியா ஸ்கிரீனைப் பிடிக்கத்தான் நாள் முழுக்க தாடையைத் தூக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, இதுல மானிட்டருக்கு அடியில ரெண்டு பழைய ஃபைல் வேற வச்சு உசத்தியிருக்காங்க! கழுத்து வலிக்காம என்ன செய்யும்.

அப்புறம் மானிட்டர். பெருசா வாங்கினா தெளிவா தெரியும்னு எல்லாரும் நினைக்கிறோம். ஆண்டியோட 27 இஞ்சுல இருக்கிற புள்ளிங்க அகலத்துல 1920, உயரத்துல 1080 தான், பழைய 24 இஞ்சுலயும் அதே அளவுதான், அதே புள்ளிகளை இழுத்துப் பரப்பினா இஞ்சுக்கு 92 இருந்தது 82 ஆகிடுது. பத்தாததுக்கு எழுத்து பெருசா தெரியட்டும்னு மகன் ரெசல்யூஷனை, அதாவது அந்தப் புள்ளி எண்ணிக்கையை வேற செட்டிங்ல குறைச்சு வச்சிருக்கார். நம்ம தமிழ் எழுத்துல இது உடனே காட்டிக் கொடுத்துடும், க்-ல இருக்கிற புள்ளி கரைஞ்சு போயிடும். ரெசல்யூஷன்ல கை வைக்காதீங்க, அது மானிட்டரோட சொந்த அளவுல இருக்கட்டும், செட்டிங்ல எழுத்தைப் பெருசாக்குற ஸ்கேலிங்கை 125, 150 சதவீதம்னு ஏத்துங்க.

புதுசா 27 வாங்கினா குறைஞ்சது 2560க்கு 1440, காசு இருந்தா அதைவிடப் புள்ளி அதிகமா இருக்கிற ஃபோர்கே. பட்ஜெட் இல்லன்னா 24 இஞ்சே நல்லது, இதைச் சொன்னா கடைக்காரருக்குப் பிடிக்காது. லோ யாட் கம்ப்யூட்டர் மால்ல போய்ப் பார்க்கும்போது அவங்க ஓட்டுற கடல் மீன் வீடியோவைப் பார்த்து மயங்காதீங்க, உங்க கணக்கு ஷீட்டை பென்டிரைவ்ல கொண்டு போய்த் திறந்து, நூலைப் பிடிச்சு அதே தூரத்துல நின்னு படிங்க. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கிற ஸ்கிரீன் வேண்டாம், நம்ம ஊர் வெயிலுக்கு ஜன்னல் முழுசும் அதுல தெரியும். புளூ லைட் கோட்டிங்குக்குத் தனியா காசு கொடுக்கிறது என்னைக் கேட்டா வீண், கண் அசதிக்கு அது உதவுதுன்னு உறுதியான ஆதாரம் இல்ல. ஸ்கிரீனைப் பார்க்கும்போது கண் சிமிட்டுறது குறைஞ்சிடுது, ஏர்கோன் காத்து வேற நேரா மூஞ்சில அடிச்சா எரியத்தான் செய்யும்.

இன்னொண்ணு, இனிப்புநீர் இருக்கிறவங்களுக்கு சுகர் ஏறி இறங்கும்போது கண் பவரும் மாறும். நைட்ல கார் லைட் பூப்பூவா சிதறித் தெரியுதுன்னா கண்புரையா இருக்கலாம். அப்படின்னா முதல்ல கண் டாக்டர், மானிட்டர் பிறகு.

ஆண்டிக்கு 68-க்கும் 42-க்கும் ஏத்த மாதிரி ஆபிஸ் லென்ஸ் போட்டுக் கொடுத்தேன், அதைப் போட்டுக்கிட்டு கார் ஓட்டக்கூடாதுன்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேன். ஃபைலை எடுத்துட்டாங்க, மானிட்டர் அதேதான். போன வாரம் திரும்ப வந்தாங்க, நூல்ல மூணாவதா ஒரு முடிச்சு. டிவிக்காம். ஆண்டி, அதுக்கு உங்க பழைய கண்ணாடியே போதும்னேன்.