சில்காவோடு பயிற்சி முடிந்துவிடுவதில்லை

சென்ற வாரம் இரவு பத்தரை மணிக்கு ஓர் அழைப்பு. “அண்ணாச்சி, தெரிந்த டாக்டரிடம் ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும்தானே?” பையன் கடற்படை அக்னிவீர், நான்காண்டுப் பணிக்குச் சேர்ந்தவன். கடற்படைப் பயிற்சித் தளமான சில்காவில் பயிற்சி முடித்து விடுப்பில் வந்தவன். விடுப்பு முடிந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன். ஊர்க் கோயில் கொடை விழாவாம். “பயிற்சிதான் முடிந்துவிட்டதே, இனி உத்தியோகம்தானே, பத்து நாள் தள்ளிப் போனால் என்ன?” என்கிறார் அப்பா.

இப்படி எனக்கு வந்த முதல் அழைப்பு இதுவல்ல. கடற்படையில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வுபெற்றவன் நான். ஊரில் யார் வீட்டுப் பிள்ளை படையில் சேர்ந்தாலும் என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கட்டும். ஆனால் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பயிற்சி முடியவில்லை ஐயா. ஒடிசாவில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில் 16 வாரம் நடப்பது, ஊர்ப் பையனைக் கடற்படைக்காரனாக மாற்றும் வேலை மட்டுமே. அணிவகுப்பு, நீச்சல், துப்பாக்கி, சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் நிற்பது. எஞ்சினைப் பழுது பார்க்கவோ ரேடாரை இயக்கவோ அவனுக்கு இன்னும் தெரியாது. 2023 மார்ச் 28 அன்று முதல் அக்னிவீர் அணி, பெண்களும் சேர்த்துச் சுமார் 2,600 பேர், பொழுது சாய்ந்தபின் அணிவகுத்து வெளியே வந்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அடுத்து அவர்களுக்குச் சொல்லப்பட்டது போர்க்கப்பலில் கடல் பயிற்சி. தொழில் கற்கும் இடங்கள் வேறு: மின்சாரப் பிரிவுக்கு ஜாம்நகரில் வல்சுரா, எஞ்சின் பிரிவுக்கு லோனாவாலாவில் சிவாஜி, பீரங்கிக்குக் கொச்சியில் துரோணாச்சார்யா. தொப்பியில் கடற்படைப் பெயர் இருக்கிறது, கையில் தொழில் இல்லை. இந்த இடைவெளியில்தான் பையன்கள் தடுக்கி விழுகிறார்கள். சில்காவில் விழ நேரமே இருக்காது. வெளியே வந்தபின் நேரமும் இருக்கிறது, செல்பேசியும் திரும்பக் கையில் இருக்கிறது, வீட்டில் ஆலோசனை சொல்லப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

எந்தத் தொழில், எந்த ஊர் என்பதைப் படையின் தேவை முடிவு செய்யும். “விஜயநாராயணத்தில் கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருக்கிறதே, அங்கே போட்டுவிட்டால் வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாமே” என்று கேட்ட தாயைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்காக ஒருவனிடம் முன்பணம் கொடுத்திருந்தார். நல்ல பிரிவு வாங்கித் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் அவன் திருடன். இதில் விளக்க எதுவும் இல்லை.

அடுத்த புலம்பல்: “கழிவறை கழுவ விடுகிறார்கள் அண்ணாச்சி, இதற்கா பிளஸ் டூவில் கணக்கும் பிசிக்ஸும் படித்தான்?” இதைக் கேட்டால் எனக்கு இரத்தம் கொதிக்கும். போர்க்கப்பலில் துப்புரவு எல்லோருக்கும் உரிய வேலை. கழிவறையை நாங்கள் ‘ஹெட்ஸ்’ என்போம். அதைக் கழுவாமல் எவனும் கடற்படைக்காரன் ஆனதில்லை, நானும் கழுவினேன். சில நூறு பேர் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வாரக்கணக்கில் இருக்கும்போது ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நாற்பது பேருக்கு வரும். மருந்து கொடுத்தவன் சொல்கிறேன். உப்புக் காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும், அதனால் துருவைச் சுரண்டு, சாயம் அடி, மறுபடி சுரண்டு. துணியால் துடைத்துக்கொண்டு போகும்போதுதான் எந்தக் குழாய் எங்கே போகிறது, தீயணைப்பு வால்வு எந்த மூலையில் இருக்கிறது என்று கை கற்றுக்கொள்கிறது. விளக்கு அணைந்து புகை சூழும் நாளில் அந்தக் கைதான் அவனைக் காப்பாற்றும். ஆகவே பையன் அழுதால் “வந்துவிடடா” என்று சொல்லாதீர்கள். நினைத்தபோது வர முடியாது. நான்காண்டு முடியுமுன் சொந்த விருப்பத்தில் விலக, விதிவிலக்கான காரணம் இருந்து மேலிடம் இசைந்தால்தான் உண்டு. அப்போதும், சம்பளத்தில் பிடிப்பதும் அரசு போடுவதும் சேர்ந்து நான்காண்டு முடிவில் கிடைக்கும் சேவா நிதியில் அரசின் பங்கு கிடைக்காது.

சேவா நிதி என்றதும் ஒரு கணக்கு. முதல் ஆண்டுச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000 நிதிக்குப் போய்விடும். கைக்கு வருவது 21,000. முப்பதாயிரத்தை நம்பி பைக்குக்குத் தவணை போட்ட வீடுகளை எனக்குத் தெரியும். நான்காண்டுக்குத் திருமணமும் கூடாது, நிச்சயதார்த்த அவசரத்தையும் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

உடம்பைப் பற்றி என் தொழில் முறையில் ஒன்று. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் விரல் வைத்து அழுத்தினால் ஒரே இடத்தில் வலிக்கிறதா? ஓடும்போது கூடுகிறதா? அது மயிரிழை முறிவாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. பின்தள்ளி அடுத்த அணியோடு சேர்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் பையன்கள் சில்காவில் வலியை விழுங்கிக்கொண்டு ஓடிவிட்டு, விடுப்பில் வந்து எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். உருவாதீர்கள். திரும்பியதும் முதல் நாளே மருத்துவப் பிரிவில் சொல்லச் சொல்லுங்கள். கடல் குமட்டலுக்கு வெறும் வயிற்றோடு இருக்காமல், கப்பலின் நடுப்பகுதியில் திறந்த தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்க்கட்டும். அதில் வெட்கம் வேண்டாம், புகழ்பெற்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடைசிவரை குமட்டியது.

தம்பிகளே, இது உங்களுக்கு. சீருடையில், பின்னால் கப்பல் தெரிய எடுத்த படத்தைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். 2019 டிசம்பரில் கடற்படைக்காரர்கள் ஏழு பேர் உளவுப் புகாரில் கைதானார்கள். வலை விரிக்கப்பட்டது பேஸ்புக்கில். அந்த மாதமே கப்பலிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்குத் தடை வந்தது. முகம் தெரியாத பெண் ஒருத்தி உங்கள் கப்பல் எப்போது கிளம்புகிறது என்று கேட்டால் அது காதல் அல்ல.

அந்தக் கொடை வீட்டுக் கதைக்கு வருகிறேன். பொய்ச் சான்றிதழ் எடுபடாது. விடுப்பில் உண்மையாகவே நோய் வந்தால் அருகிலுள்ள ராணுவ மருத்துவமனை, அது எட்டாத தூரம் என்றால் அரசு மருத்துவமனை. அன்றைக்கே யூனிட்டுக்குத் தகவல். தாமதமாகிவிட்டதா? ஒளியாமல் அடுத்த ரயிலைப் பிடித்துப் போய் தன் பிரிவுக்குப் பொறுப்பான டிவிஷனல் ஆபீசர் முன் நின்று உண்மையைச் சொல்லட்டும். தானாக வந்தவனையும் பிடித்து வரப்பட்டவனையும் கடற்படை ஒரே கண்ணால் பார்க்காது. அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். மறுநாள் காலை பையன் ரயில் ஏறிவிட்டான்.

மற்றவர்கள் விடுப்பு தொடங்கும்போதே திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள், கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேரும்படி. ஐப்பசி கார்த்திகையில் ஆந்திரக் கரையில் புயல் வந்தால் விசாகப்பட்டினம் வழி ரயில்கள் ரத்தாகும். அப்படி ஆனால் ரயில் ரத்தானதை நிலையத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொண்டு, அங்கிருந்தபடியே யூனிட்டுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.