பையைக் கழுவும் முன் உள்ளே என்ன இருந்தது?

உணவுக் கடைகளில் வேலை செய்பவர்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வகுப்பு முடிந்ததும் கடைக் கேள்விகள் ஓய்ந்து வீட்டுக் கேள்விகள் தொடங்கும். அதில் அடிக்கடி வருவது இது: "ஜிப்லாக் பையைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமா டீச்சர்?" 2023 ஜூலையில் சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்கத் தொடங்கிய பிறகு, வீட்டிலிருக்கும் எந்தப் பையையும் தூக்கிப்போட மனம் வருவதில்லை போலும். நல்லதுதான்.

பயன்படுத்தலாம், ஆனால் எல்லாப் பையையும் அல்ல. கிழியவில்லை, பளிச்சென்று இருக்கிறது, போதும் என்று பலரும் பையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். உள்ளே என்ன இருந்தது என்பதுதான் முக்கியம்.

தேக்கா சந்தையில் கோழி வாங்கி வந்து, குழம்புக்குக் கொஞ்சம், வறுவலுக்குக் கொஞ்சம் என்று பிரித்து ஃப்ரீசரில் வைக்கிறோம். அந்தப் பை ஒருமுறையோடு சரி. பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் கிருமிகள் இருக்கலாம். உறைகுளிரில் அவை பெருகாது, ஆனால் செத்துவிடும் என்று நம்பவும் முடியாது. ஒரு புதுப் பையை எடுத்து, வாயை மூடும் அந்த மெல்லிய பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கோழியின் நீர் போய்த் தங்குவது அங்கேதான். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் அதற்குள் நுழையாது. கழுவும்போது தெறிக்கும் நீரோ பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர் மேலும் விழும். மீன், இறால், ஆட்டிறைச்சிக்கும் இதே கதைதான். இவற்றுக்கு மூடி போட்ட டப்பாவே மேல், வெந்நீர் ஊற்றித் தேய்க்கலாம்.

கறிவேப்பிலை, பச்சை மிளகாய், ரொட்டி, முறுக்கு, உலர்ந்த பருப்பு வைத்த பைகளைத் தாராளமாகத் திரும்ப எடுக்கலாம். மஞ்சள் கறையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மஞ்சளின் நிறம் பிளாஸ்டிக்கில் ஊறிவிடும், அது அழுக்கு இல்லை. கறையே இல்லாமல் உள்ளே வழவழவென்று எண்ணெய்ப் பிசுக்கு நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். சிக்கு வாடை அடுத்த பண்டத்துக்கும் ஏறும். இன்னொன்று: கடலைப்பொடி வைத்த பையில் பிள்ளைகளின் பள்ளித் தின்பண்டத்தைப் போட்டு அனுப்பாதீர்கள். பகிர்ந்து தின்னும் நண்பனுக்குக் கடலை ஒவ்வாமை இருக்கலாம்.

கழுவுவது எளிது. பாத்திரம் தேய்த்து மிச்சமான வெதுவெதுப்பான சோப்பு நீரில் பையை உட்புறம் வெளியே திருப்பித் தேய்த்து, நல்ல நீரில் அலசினால் போதும். ஒரே ஒரு பைக்காகக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பது சிக்கனம் ஆகாது.

காயவைப்பதுதான் நம் ஊரில் பெரும்பாடு. இந்த ஈரக்காற்றில் மடித்து வைத்த பையின் மூலைகள் லேசில் உலராது. உள்ளே இரண்டு சொட்டு நின்றாலும் பூஞ்சணம் வரும். உயரமான டம்ளரில் ஒரு கரண்டியை நிறுத்தி, அதன்மேல் பையைக் கவிழ்த்து, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். கண்ணை நம்பாமல் மூலைவரை விரலை விட்டுப் பாருங்கள். துணிக்கழியில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது வேண்டாம், பன்னிரண்டாம் மாடிக் காற்றில் பை நிற்காது.

சூடான தே, கறி கட்டித் தரும் மெல்லிய பைகளைச் சேர்த்து வைக்காதீர்கள். ஜிப்லாக் பையிலும் கொதிக்கும் சாம்பாரை ஊற்றாதீர்கள். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இளகும்.

"குப்பையைத்தான் எரித்துவிடுகிறார்களே, அப்புறம் என்ன?" என்று வகுப்பில் ஓர் அக்கா கேட்டார். எரித்தால் குப்பையின் கொள்ளளவு பத்தில் ஒரு பங்காகக் குறையும், ஆனால் சாம்பல் எங்கேயாவது போக வேண்டுமே. 1999இல் திறந்த செமாக்காவ் தீவுதான் நமக்கு இருக்கும் ஒரே நிலநிரப்பிடம், அதுவும் 2035வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சோறும் குழம்பும் ஒட்டிய பையை நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியில் போட்டு மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் முடியாது. அதில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு அசுத்தத்தால் மறுபயனீட்டுக்கு ஆகாமல் போகிறது.

பையில் நீரை நிரப்பி அழுத்திப் பாருங்கள். கசிந்தால் அதில் இனி உணவு வேண்டாம். மீன்முள், இறால் ஓடு போட்டு, வாயை முடிந்து குப்பைக் குழாயில் விடலாம். எப்படியும் அதற்கு ஒரு பை வேண்டும்.