வடிகால் கட்ட காசு வருது, தூர்வார காசு எங்க?

ஒவ்வொரு மழைக்கும் "இத்தன கோடி செலவு பண்ணாங்களே, எங்க போச்சு"ன்னு ஒரு கேள்வி கெளம்பும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்போ சென்னைல தெருவுக்கு தெரு, வடிகாலுக்குன்னு சொன்ன 4,000 கோடி பத்தின பேச்சுதான். நியாயமான கேள்விதான். ஆனா மழைநீர் வடிகாலுக்கு எஸ்டிமேட் போடுறதையே தொழிலா வச்சிருக்கறவன் நான், அந்த அனுபவத்துல சொல்றேன், எதுக்கு ஒதுக்குனாங்க, எதுக்கு ஒதுக்காம விட்டாங்கன்னு சேத்து கேட்டாதான் உங்க தெருவுக்கு ஏதாவது நடக்கும்.

காசு வர்ற வழிய முதல்ல பாருங்க. 2011ல மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 426 ஆச்சு, மணலி, மாதவரம், அம்பத்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர்னு ஏரியும் வாய்க்காலுமா இருந்த ஊரெல்லாம் உள்ள வந்துச்சு, அங்கெல்லாம் முறையான வடிகால் ரொம்ப கம்மி. அத கட்ட வெளிலேர்ந்து கடன் வாங்கிருக்காங்க. வடக்க கொசஸ்தலையாறு பக்கம் ஆசிய வளர்ச்சி வங்கி, தெக்க கோவளம் பக்கம் ஜெர்மனியோட கேஎஃப்டபிள்யூ வங்கி, அடையாறு, கூவம் பக்கம் உலக வங்கி. இந்த கடன்லாம் புதுசா கட்றதுக்கு. கட்டி முடிச்சதுக்கு அப்புறம் வருஷா வருஷம் தூர்வாரணும், ஒடஞ்ச மூடிய மாத்தணும், அதுக்கு நம்ம கட்ற சொத்து வரி, தொழில் வரி, அரசு குடுக்குற பங்கு இதுலேர்ந்துதான் எடுக்கணும், சம்பளம், குப்பை, தெருவிளக்கு எல்லாமே அதே பையிலதான் இருக்கு. பத்தலன்னா மொதல்ல கை வைக்கறது தூர்வாருற வேலைல. புது வடிகாலுக்கு பூமி பூஜை போடலாம், பேனர் கட்டலாம். மண்ணு அள்றதுக்கு யாரு பேனர் கட்டுவா?

ஒரு மேன்ஹோல் மூடிய தொறந்து காட்டுனா உங்களுக்கே புரிஞ்சிடும். மேல கருப்பு தண்ணி, ஏன்னா யாரோ வீட்டு கழிவுநீர் லைன திருட்டுத்தனமா இதுல சேத்து விட்டிருப்பாங்க. அதுக்கு கீழ டீ கப்பு, பால் கவரு, பக்கத்துல வீடு கட்னவங்க தள்ளி விட்ட ஜல்லியும் சிமெண்ட் பாலும் சேந்து இறுகிப்போயி கடப்பாறையால குத்துனாதான் வரும். நடுவுல குறுக்கால ஒரு தண்ணி பைப்போ கேபிளோ போகும், வர்ற பிளாஸ்டிக் எல்லாம் அதுல மாட்டி தொங்கும். மூணடி ஆழ வடிகால்ல ஒரு அடி மண்ணு நின்னா மூணுல ஒரு பங்குதானே போச்சுன்னு தோணும், அதுக்கும் மேலயே போகும், எடம் குறையறதோட தண்ணி அந்த கரடு மேல உரசிக்கிட்டு போறதால வேகமும் விழுந்துடும். நம்ம ஊரு தட்டையான ஊரு, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு கெடச்சாலே பெரிய விஷயம், இதுல வேகத்தையும் விட்டா தண்ணி எங்க போகும்?

இன்னொரு கொடுமை, அள்ளுன சகதிய காயட்டும்னு மேன்ஹோல் ஓரத்துலயே குமிச்சு வைப்பாங்க, லாரி வர்றதுக்குள்ள ஒரு மழ பெஞ்சா பாதி திரும்ப உள்ளயே போயிடும். பில் மட்டும் முழுசா போகும்.

அடுத்தது கடைசி எடம், அதாவது தண்ணி போய் விழுற எடம். வேளச்சேரி தண்ணி வீராங்கால் ஓடை வழியா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு போகுது, அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு, அப்புறம் பக்கிங்காம் கால்வாய், கோவளம் பக்கம் முட்டுக்காடு முகத்துவாரம், அதுக்கப்புறம்தான் கடல். இதுல தெரு வடிகால் மாநகராட்சியோடது, பக்கிங்காம் கால்வாய் நீர்வளத்துறையோடது, நடுவுல சில ரோடும் அதுக்கு அடில தண்ணி போற சின்ன பாலமான கல்வெர்ட்டும் நெடுஞ்சாலைத்துறையோடது. தெருவுல நீங்க எவ்ளோ அகலமா கட்னாலும் கீழ கால்வாய்ல தண்ணி மட்டம் ஏறி நின்னா வடிகால்லேர்ந்து தண்ணி தெருவுக்குதான் திரும்பி வரும். 2021 நவம்பர்ல தி.நகர் முங்குனதுக்கு மாம்பலம் கால்வாய்ல கெடந்த கட்டட இடிபாடும் ஒரு பெரிய காரணம். அதனால என்னோட உறுதியான கருத்து, காச கடைசிலேர்ந்து மேல நோக்கி செலவு பண்ணணும். முகத்துவாரம், கால்வாய், கல்வெர்ட், அதுக்கப்புறம்தான் தெரு. இங்க பல எடத்துல தலைகீழா நடக்குது, எந்த தெருவுல சத்தம் ஜாஸ்தியோ அங்க மொதல்ல கட்டி, அது போய் சேர வேண்டிய எடத்துல நூறடி இணைப்பு இல்லாம அப்டியே நிக்குது.

ரோடும் இதுல சேத்திதான். பழைய தார சுரண்டாம மேல மேல போட்டா வீடு பள்ளமாகும், வடிகாலோட தண்ணி நுழையற ஓட்டையும் தாருக்குள்ள போயிடும். சுரண்டிட்டுதான் போடணும்னு உத்தரவே இருக்கு, உங்க தெருவுல போடும்போது வெளில வந்து நின்னு பாருங்க.

2022ல வார்டு கமிட்டிக்கும், வார்டுக்குள்ள ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசுற பகுதி சபைக்கும் விதி வந்தாச்சு, கூட்டம் நடந்தா போங்க, நடக்கலன்னா கவுன்சிலர்கிட்ட ஏன் நடக்கலன்னு கேளுங்க. போனா "எங்க தெருவுக்கு வடிகால் வேணும்"னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. எங்க தெரு வடிகால் எங்க போய் விழுது, நடுவுல எங்கயாவது இணைப்பு விட்டுப்போயிருக்கா, கடைசியா எப்ப எத்தன மீட்டர் தூர்வாருனீங்க, இந்த வருஷம் தூர்வார எவ்ளோ ஒதுக்கிருக்கீங்கன்னு மாநகராட்சி உதவிப் பொறியாளர் (ஏஇ) முன்னாடியே கேளுங்க, பதில எழுதி வாங்குங்க. வாய்ல சொல்லி தட்டிக்கழிச்சா தகவல் உரிமைச் சட்டத்துல மனு (ஆர்டிஐ) போடுங்க. அடைப்பு இருந்தா மாநகராட்சி புகார் எண் 1913க்கு போன் பண்ணி புகார் நம்பர குறிச்சு வச்சுக்கங்க.

இதெல்லாம் அக்டோபர்ல கேட்டா மோட்டார் பம்ப்தான் கெடைக்கும். மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்குல வரும், அதுக்கு முன்னாடி டிசம்பர், ஜனவரிலயே, தண்ணி நின்ன போட்டோ போன்ல இருக்கும்போதே கேளுங்க, அப்பதான் டெண்டர் முடிஞ்சு வெயில் காலத்துல மண்ண அள்ள நேரம் இருக்கும்.