மூன்று பந்து, இரண்டு கை: மிச்ச நேரம் எங்கிருந்து வருகிறது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது: “சார், பாசார் மாலாம்ல (இரவுச் சந்தையில்) ஒரு அண்ணன் மூணு பந்தை மாத்தி மாத்தி வீசிப் பிடிச்சாரு. இருக்கிறது ரெண்டு கைதானே? கையை அவ்வளவு வேகமா ஆட்டணுமா?”

வேண்டாம்மா. ஜக்ளிங் நன்றாகப் பழகியவரின் கையை மட்டும் கவனித்துப் பார், நிதானமாகத்தான் ஆடும். மூன்றில் ஒன்றாவது எப்போதும் காற்றில் இருக்கிறது. அந்த ஒன்று எவ்வளவு நேரம் கீழே வராமல் இருக்கும் என்பதில்தான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பள்ளிப் பாடம்தான். மேலே எறிந்த பந்து நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வீதம் வேகம் குறைந்து, உச்சியில் நின்று, அதே வீதத்தில் வேகம் கூடி இறங்கும். 30 செ.மீ. உயரம் எறிந்தால் போய்வர அரை நொடி. 60 செ.மீ. என்றால் 0.7 நொடி. நேரம் இரட்டிப்பாக வேண்டுமானால் உயரம் நான்கு மடங்காக வேண்டும்.

இந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் ஒன்று எனக்கு எப்போதும் பரவசம் தருவது. 60 செ.மீ. பாதையில் மேலே உள்ள கால் பங்கை, அதாவது உச்சியை ஒட்டிய 15 செ.மீ.யை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஏறி இறங்கப் பந்துக்கு ஆகும் நேரம் 0.35 நொடி. மொத்தப் பயணத்தில் சரிபாதி! கீழே இருக்கும் 45 செ.மீ.க்கும் சேர்த்து மிச்சப் பாதிதான். பந்து தன் நேரத்தில் பாதியை உச்சியிலேயே கழிக்கிறது. ஒரு முழம் எறிந்தாலும் பனை உயரம் எறிந்தாலும், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இந்தப் பாதி மாறாது. நிலாவில் எறிந்தாலும் மாறாது.

கையைப் பார்க்காதே, உச்சியைப் பார் என்று சொல்லிக்கொடுப்பது இதனால்தான். உச்சியில் பந்தின் மேல்நோக்கிய வேகம் சுழியம். மிஞ்சுவது பக்கவாட்டு நகர்வு மட்டுமே. உச்சி எங்கே, அங்கிருந்து பந்து எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், அது எங்கே எப்போது விழும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. கண் அதைப் படித்ததும் கை போய் நிற்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஆஸ்டின் 1970களில் இதைச் சோதித்தார். ஓரளவு பழகியவர்களின் கண்ணுக்கும் கைக்கும் நடுவே விசிறி வடிவத் தடுப்பு ஒன்றை வைத்து, அதில் வெட்டிய இடைவெளி வழியாகப் பாதையின் உச்சி மட்டும் தெரியும்படி செய்தார். சுமார் ஓர் அங்குலம் தெரிந்தபோதும் அவர்களால் பிடிக்க முடிந்தது.

ஒரு தடுப்பும் சில பந்துகளும் போதும், கண்ணும் கையும் பேசிக்கொள்ளும் விதத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். நம் பல்கலைக்கழகங்களிலும் இப்படி ‘விளையாட்டாக’த் தோன்றும் ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். உடனே காசாகுமா என்று கேட்டே எத்தனையோ நல்ல கேள்விகளை மடக்கிவிடுகிறோம்.

செய்தியைக் கணிதத்தால் அளக்கும் தகவல் கோட்பாட்டைத் தந்த கிளாட் ஷானனும் பந்து வீசிப் பழகியவர். பந்து வீசும் இயந்திரமே செய்தவர். அவர் கண்ட விதி எளிமையானது: பறக்கும் நேரத்தையும் கையில் தங்கும் நேரத்தையும் கூட்டிக் கைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். கை காலியாக இருக்கும் நேரத்தையும் பந்து கையில் தங்கும் நேரத்தையும் கூட்டிப் பந்துகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இரண்டும் சமம். பந்து கையில் 0.4 நொடி, கை காலியாக 0.2 நொடி என்று வைத்தால், மூன்று பந்துக்குப் பறக்கும் நேரம் 0.5 நொடி. 30 செ.மீ. எறிந்தால் போதும். அந்த அண்ணன் கை பதறாமல் ஆடியதற்குக் காரணம் இதுதான்.

இது பந்துகள் கைமாறிக் குறுக்கே போகும் காஸ்கேட் முறைக்கான கணக்கு. பிள்ளைகள் தாமாக முயலும்போது வேறு மாதிரி செய்வார்கள்: வலக்கை எறியும், இடக்கை பிடித்து அப்படியே வலக்கைக்குக் கடத்தும், பந்து வட்டமாகச் சுற்றும். பார்க்க எளிது, செய்யக் கடினம். எறியும் வேலை முழுவதும் ஒரே கையின் தலையில் விழுவதால், அதே தாளத்தில் ஆட ஒவ்வொரு பந்தும் 1.1 நொடி மேலே இருந்தாக வேண்டும். அதற்கு உயரம் கிட்டத்தட்ட 1.5 மீட்டர், காஸ்கேட்டைப் போல ஐந்து மடங்கு! உயரம் கூடினால் சிறு கோணப் பிசகும் கீழே பெரிய விலகலாகிவிடும்.

இதற்கெல்லாம் ‘கைராசி’ வேண்டும் என்பவர்களை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமாகவே அம்மானையைப் பாடி வைத்த மொழி நம்முடையது. வீட்டுப் பெண்கள் காய்களை வீசிப் பிடித்து, பழகிப் பழகி ஆடிய ஆட்டம் அது. பழக்கம் மூளையையே மாற்றுகிறது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2004இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முடிவு: மூன்று மாதம் மூன்று பந்து பழகியவர்களின் மூளையில், அசையும் பொருளைக் காணும் பகுதி பருத்திருந்தது, பழகுவதை விட்டதும் அது மீண்டும் குறைந்தது. 60 வயதை ஒட்டியவர்களிடமும் அப்படி வளர்ச்சி தெரிந்ததாக 2008இல் இன்னோர் ஆய்வு வந்தது. ‘நடுமூளையைத் தூண்டுகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம்’ என்று நம் தோட்டத்துப் பெற்றோரிடம் நூற்றுக்கணக்கான ரிங்கிட் வாங்கியவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. கட்டின துணிக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள சந்து வழியாகத்தான் அந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

பழக ரப்பர் பந்து வேண்டாம். கையில் பட்டதும் எகிறும், விழுந்தால் கால்வாய் வரை ஓடும். ‘பத்து செரெம்பான்’ (சிறு பைகளை வீசிப் பிடிக்கும் மலாய் விளையாட்டு) ஆடும் துணிப் பையையே உள்ளங்கை நிறையும் அளவுக்குப் பெரிதாகத் தைத்து, முக்கால் பங்கு பச்சைப்பயறு நிரப்புங்கள். பயறு ஒன்றோடொன்று உரசி மோதலின் ஆற்றலை விழுங்கிவிடும், பை விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

முதலில் ஒரு பை, கைக்குக் கை, கண் உயரத்துக்கு. பிறகு இரண்டு: முதல் பை உச்சியைத் தொட்டதும் இரண்டாவதை அதன் அடியில் எறிய வேண்டும். இடக்கை அதை எறியாமல் கடத்தப் பார்க்கும், விடாதீர்கள். மூன்றாவதும் அதே விதிதான். அவசரத்தில் எறிந்த பை முன்னால் போகும், அதைத் துரத்தி நீங்களும் முன்னால் நடப்பீர்கள். கட்டிலை ஒட்டி, சுவரைப் பார்த்து நின்றால் நடக்க இடமிருக்காது, விழுந்ததை எடுக்கக் குனியவும் வேண்டாம். இது கைவந்த பிறகு, வரும் பையின் அடியில் எறிவதற்குப் பதில் அதன் மேலாக எறிந்து பாருங்கள். ரிவர்ஸ் காஸ்கேட் என்பது அதுதான்.