சிலிக்கோசிஸ்: படிவு அல்ல, தழும்பு

சிலிக்கோசிஸ் என்பது படிகச் சிலிக்கா கலந்த நுண்தூசியைச் சுவாசிப்பதால் நுரையீரலில் விழும் ஆறாத தழும்பு. லத்தீனில் ‘சைலெக்ஸ்’ என்றால் சிக்கிமுக்கிக் கல். நோய்நிலையைக் குறிக்கும் கிரேக்க விகுதி ‘ஓசிஸ்’ அதோடு சேர்ந்தது. 1870 வாக்கில் இத்தாலிய மருத்துவர் விஸ்கோன்டி இட்ட பெயர் என்பர். கனிமத் தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்குப் பொதுப்பெயர் நியூமோகோனியோசிஸ். அதில் வரும் ‘கோனிஸ்’ கிரேக்கத்தில் தூசி.

கோவையின் வார்ப்பாலைகளான பவுண்டரிகளிலோ கரூர்ப் பக்கத்துக் கல்லுடைக்கும் கிரஷர்களிலோ இந்தப் பெயர் வாயில் வராது. இளைப்பு, நெஞ்சுச் சளி, தூசி அலர்ஜி என்பதோடு சரி. தமிழில் எழுதுவோர் சிலர் ‘தூசிப் படிவு நோய்’ என்கிறார்கள். அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. படிந்ததைக் கழுவிவிடலாம் என்ற நினைப்பை அது வளர்க்கும். வேலை முடிந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் தூசி இறங்கிவிடும் என்ற நம்பிக்கை ஏற்கெனவே ஊன்றிக் கிடக்கிறது. வெல்லம் இரைப்பைக்குத்தான் போகும், நுரையீரலுக்கு வழி வேறு. நுரையீரலைக் கெடுப்பது தூசியின் எடையும் அல்ல, அது செல்களுக்குள் தொடங்கிவைக்கும் வேலை.

கண்ணுக்குத் தெரியும் புழுதியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்று சளியோடு வந்துவிடும். சுமார் 4 மைக்ரானுக்கும் குறைந்த துகளே காற்று நுண்ணறை வரை இறங்கும். தலைமுடியின் பருமன் 70 மைக்ரான் அளவு என்றால் இதன் பொடிசு புரியும். நுண்ணறையில் சளியை மேலே தள்ளும் மயிரிழைகள் கிடையாது. அங்கே துப்புரவு செய்வது விழுங்கு செல்கள், அதாவது மேக்ரோஃபேஜ்கள். கிருமியை விழுங்குவது போலவே, படிகச் சிலிக்காவான குவார்ட்ஸ் துகளையும் விழுங்கி, செரிக்கும் பையான லைசோசோமிடம் ஒப்படைக்கும். குவார்ட்ஸ் செரிக்காது. மாறாக, அதன் மேற்பரப்பிலுள்ள சிலனால் என்ற வேதித் தொகுதிகள் பையின் சவ்வைக் கிழித்துவிடும். நொதிகள் செல்லுக்குள்ளேயே கொட்டும். என்.எல்.ஆர்.பி.3 என்ற அபாய உணரி விழித்து அழற்சிச் சைகைகளை வெளியே அனுப்பும். செல் சாகும், துகள் சேதமின்றி வெளியே வரும், அடுத்த விழுங்கு செல் அதையே விழுங்கும். ஒரே துகள் பல செல்களைச் சாகடிப்பது இப்படித்தான். சைகை கேட்டுப் பெருகும் நார்ச்செல்கள் கொல்லாஜன் என்ற நார்ப்புரதத்தை அடுக்கடுக்காகச் சுற்ற, நுரையீரலின் மேல்பாதியில் வெங்காயத் தோல் போல் முடிச்சுகள் உருவாகும். வேலையை விட்ட பிறகும் நோய் வளர்வதற்குக் காரணம் இந்தச் சுழல்தான்.

புதிதாக உடைந்த குவார்ட்ஸ், பழைய தூசியைவிட வீரியமானது. உடைந்த முகத்தில் தனி உறுப்புகள், அதாவது எதோடும் வினைபுரியத் துடிக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள், முனைப்பாக இருக்கும். எனவே ஆற்றுமணலை அள்ளுபவரைவிட, மணல் ஒட்டிய வார்ப்பைக் கிரைண்டரில் தேய்ப்பவருக்கே ஆபத்து அதிகம்.

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், வேறு வழியில் கெடுக்கும். ‘அஸ்பெஸ்டோஸ்’ கிரேக்கத்தில் ‘அணையாதது’. அங்கே அது சுட்ட சுண்ணாம்பின் பெயர், தவறுதலாக இந்தக் கனிமத்துக்கு ஒட்டிக்கொண்டது. கல்லாகவும் நாராகவும் இருப்பதைச் சொல்லும் ‘கல்நார்’ அதைவிடத் துல்லியம். நாரில் நீளம்தான் சிக்கல். விழுங்கு செல்லின் குறுக்களவு 10 முதல் 20 மைக்ரான். அதைவிட நீண்ட நாரைச் செல் பாதி விழுங்கி, மூட முடியாமல் தவித்து, நொதிகளை வெளியே கசியவிடும். நீலக் கல்நாரிலும் பழுப்புக் கல்நாரிலும் உள்ள இரும்பு, மரபணுவை வெட்டும் தனி உறுப்புகளை உண்டாக்கும். தழும்பு நுரையீரலின் அடிப்பாகத்தில் தொடங்கும். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய் 20 முதல் 50 ஆண்டு கழித்துத் தலைகாட்டும். பல்லடம், சோமனூர்த் தறிக்கூடங்களிலும் கோழிப்பண்ணைகளிலும் கிடக்கும் பழைய சிமெண்டு ஷீட் முழுசாக இருக்கும்வரை நார் அதிகம் வெளியேறாது. ஆங்கிள் கிரைண்டர் வைத்து அறுத்தாலோ கூரையிலிருந்து தள்ளி உடைத்தாலோ வெளியேறும். நன்றாக நனைத்துக் கைவாளால் அறுங்கள். துண்டுகளை ஈரத்தோடே மூட்டை கட்டுங்கள்.

எல்லாத் தூசியும் ஒன்றல்ல. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லின் கால்சியம் கார்பனேட் உடலில் கரையும். கலந்திருக்கும் குவார்ட்ஸ்தான் கரையாது. ஸ்பின்னிங் மில் பஞ்சுத்தூசி தருவது பிஸ்ஸினோசிஸ். அது கனிம நோயே அல்ல. வாரலீவு முடிந்து திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் தொடக்க அடையாளம்.

பவுண்டரியில் ஈரமண் மோல்டிங்கில் தூசி குறைவு. வார்த்த பெட்டியை உடைக்கும் நாக்-அவுட்டில் மண் காய்ந்து, சூடேறிப் பறக்கும். அடுத்தது வார்ப்பில் ஒட்டிய மண்ணையும் பிசிறையும் தேய்த்தெடுக்கும் ஃபெட்லிங். பலரும் கணக்கில் எடுக்காதது இண்டக்‌ஷன் உலையின் லைனிங், அதாவது உட்சுவர்ப் பூச்சு. அதற்கு இடித்து நிரப்பும் பொடியான ரேமிங் மாஸ் ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா. மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போதும், தேய்ந்த லைனிங்கைக் கொத்தி எடுக்கும்போதும் புகைமூட்டம் போல எழும். உலைச்சூட்டில் ஒரு பகுதி, சிலிக்காவின் இன்னொரு படிக வடிவமான கிறிஸ்டோபலைட்டாக மாறியிருக்கும். குவார்ட்ஸோடு அதையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. கொத்துமுன் தண்ணீர் தெளிக்கலாம்தான், ஆனால் உலை நன்றாக ஆறியிருக்க வேண்டும். புது லைனிங் போடும் முன் ஈரம் முழுக்கக் காய வேண்டும். ஈரம் தங்கினால் உருகிய இரும்பு பட்டு வெடிக்கும். தண்ணீர் ஒத்துவராத இடத்தில் உறிஞ்சு குழாயைத் தூசி எழும் வாய்க்குப் பக்கத்திலேயே வையுங்கள். கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதுவதையும் காய்ந்த தரையைப் பெருக்குவதையும் இன்றே நிறுத்தலாம். துண்டைக் கட்டினால் புழுதி நிற்கும், நுண்துகள் நிற்காது. என்95 முகக்கவசமும் முகத்தோடு ஒட்டினால்தான் பயன். தாடி இருந்தால் ஓரமாகக் கசியும்.

சிலிக்கா தின்ற விழுங்கு செல் காசநோய்க் கிருமியைக் கொல்லும் வலுவை இழப்பதால் இரண்டு நோயும் ஒன்றாக வரும், ஒன்றுக்கு மற்றொன்றாகவும் எண்ணப்படும். மருத்துவரிடம் ‘கம்பெனி வேலை’ என்று நிறுத்தாமல், ஃபெட்லிங்கா, கிரஷரா, எத்தனை வருடம் என்று சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரேயோடு ஊதும் சோதனையான ஸ்பைரோமெட்ரியும், சளிப் பரிசோதனையும் கேளுங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸும் கல்நார் நோயும் அறிவிக்க வேண்டிய நோய்களாக இருந்தன; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையிலும் அப்படியே உள்ளன. கண்டறியும் மருத்துவர் தலைமை ஆய்வாளர்-உதவியாளர் (Chief Inspector-cum-Facilitator) அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

தமிழ்ச் சொற்கள்: சிலிக்கோசிஸ் – கல்தூசித் தழும்பு நோய், ஆஸ்பெஸ்டோசிஸ் – கல்நார்த் தழும்பு நோய், பிஸ்ஸினோசிஸ் – பஞ்சுத்தூசி இறுக்கம், நியூமோகோனியோசிஸ் – தூசி நுரையீரல் நோய்.