மூன்றடித் தொட்டியும் முப்பது சென்டிமீட்டர் மீனும்

கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பதும், அவற்றில் நோய்ப்படும் மீன்களைப் பார்ப்பதும் என் தொழில். "மீன் மேல வெள்ளைப் புள்ளி வந்திருக்கு, மருந்து சொல்லுங்க" என்றுதான் பெரும்பாலும் அழைப்பு வரும். மருந்துக்கு முன் நான் கேட்பவை வேறு. தொட்டி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்? உள்ளே எத்தனை மீன், என்னென்ன மீன்? பல வீடுகளில் இந்தப் பதில்களிலேயே காரணம் வெளியே வந்துவிடும். மருந்து ஊற்றினால் புள்ளி மறையும். நெருக்கடி தீராத வரை அது திரும்பி வரும்.

கடையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் குஞ்சுகளைத்தான். ப்ளூ டாங் நான்கைந்து சென்டிமீட்டரில் விற்பனைக்கு வரும்; முழுதாக வளர்ந்தால் 30 சென்டிமீட்டர், ஆயுள் 20 ஆண்டுக்கு மேலும் போகலாம். பாந்தர் குரூப்பர் என்ற மீன் வெள்ளை உடலில் கரும்பொட்டுகளோடு குழந்தைகளைக் கவர்ந்துவிடும். அது 70 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. வாய்க்குள் நுழையும் அளவுள்ள எந்தக் கூட்டாளியையும் விட்டுவைக்காது. எம்பெரர் ஏஞ்சல் குஞ்சில் கருநீல உடலும் வெள்ளை வளையங்களுமாக இருக்கும். வளர வளர வளையங்கள் போய் மஞ்சளும் நீலமுமாக நீளவாட்டில் கோடுகள் வரும், உடல் 40 சென்டிமீட்டரைத் தொடும். வாங்கி வந்தவருக்கே இது அதே மீன்தானா என்று சந்தேகம் வந்துவிடும். மீனைக் கைகாட்டும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது அதன் முழு வளர்ச்சி எவ்வளவு என்பதை.

"தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் வளரும்னு சொன்னாங்க சார்" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எந்த மீனும் தன் வளர்ச்சியைத் தானே அளந்து நிறுத்திக்கொள்வதில்லை. வளர்ச்சி குன்றுகிறது என்றால் கழிவு தேங்கிய தண்ணீரும், ஓயாத மன உளைச்சலும், போதாத தீனியும் சேர்ந்து அதை ஒடுக்குகின்றன என்று பொருள். மூன்றடித் தொட்டியில் இருக்கும் ப்ளூ டாங்கைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இடது ஓரக் கண்ணாடி வரை போகும், மூக்கு இடிப்பதற்குள் திரும்பும். வலது ஓரம், மறுபடி இடது. நடுவில் பாறையைக் கொறிக்க நிற்காது. நீலம் வெளிறி உடலெங்கும் ஒரு சாம்பல் ஓடியிருக்கும். வயிறு உள்வாங்கி, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றித் தெரியும். "நல்லா சுறுசுறுப்பா இருக்கு பாருங்க" என்று வீட்டுக்காரர் அந்த ஓட்டத்தையே காட்டுவார்.

ஓர் அங்குல மீனுக்கு 20 லிட்டர் என்றொரு கணக்கு இந்தப் பொழுதுபோக்கில் நெடுநாளாகப் புழங்குகிறது. இரண்டு அங்குல கோபி மீன்கள் ஆறுக்கும், பன்னிரண்டு அங்குல மீன் ஒன்றுக்கும் இந்தக் கணக்கு ஒரே தொட்டியைத்தான் தரும். உடல்வாகு ஒன்றுபோல என்று வைத்துக்கொண்டாலும், நீளம் ஆறு மடங்கானால் எடை 216 மடங்கு. ஆறு கோபிகளையும் சேர்த்து நிறுத்தாலும் அந்த ஒற்றை மீன் அவற்றைப் போல் 36 மடங்கு கனம். தின்பதும் கழிப்பதும் மூச்சு வாங்குவதும் நீளத்தை ஒட்டிப் போவதில்லை. இன்று பொருந்துகிற கணக்கு அடுத்த ஆண்டு பொய்த்துப்போவது இதனால்தான்.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள்தான் கடல்நீரில் அதிகமாக ஏமாறுகிறார்கள். 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். கடல்நீரில் அது 7-க்கும் கீழே. அம்மோனியா விஷயம் இதைவிடக் கடுமை. பி.எச். 7 உள்ள நன்னீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இருக்காது. கடல்நீர்த் தொட்டியை நாம் 8.2-ஐ ஒட்டி வைத்திருக்கிறோம். அங்கே நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் நச்சாகவே நிற்கும். அதே அளவு கழிவு, அதே அளவு தண்ணீர், பாதிப்பு மட்டும் பல மடங்கு.

கூட்டம் அதிகமான தொட்டியை நான் விடியற்காலையில்தான் பார்க்க விரும்புவேன். விளக்கு அணைந்த பிறகு பாசியும் பவளமும் ஆக்சிஜன் தருவதை நிறுத்தி, மீன்களோடு சேர்ந்து தாமும் அதை எடுத்துக்கொள்ளும். விடியும்போதுதான் அளவு மிகக் குறைவாக இருக்கும். காலையில் விளக்குப் போடும் முன் ஒரு டார்ச்சை ஓரமாகப் பிடித்து மீனின் செவுள் மூடியைக் கவனியுங்கள். நண்பகலில் அமைதியாக மூச்சு விடுகிற மீன் அந்நேரத்தில் வாயைத் திறந்து வேகவேகமாக இழுத்தால், அல்லது எல்லா மீனும் மேல்மட்டத்திலேயே கூடி நின்றால், தொட்டி அதன் எல்லையைத் தொட்டுவிட்டது. மின்சாரம் சில மணி நேரம் நின்றாலே அந்தத் தொட்டி போய்விடும். பகல் வேளையில் எடுத்த பரிசோதனையில் அம்மோனியா பூஜ்யம் என்று வந்ததால் இன்னொரு மீன் விடலாம் என்று முடிவு செய்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் புள்ளிக்கு வருகிறேன். அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலிலும் செவுளிலும் தின்று கொழுத்ததும் உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொள்ளும். ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெடித்து வெளிவரும். அவற்றுக்கு ஆயுள் குறைவு. சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில், ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். கடலில் பெரும்பாலானவை மீன் கிடைக்காமலேயே அழிந்துவிடும். நெருக்கடியான தொட்டியிலோ எந்தப் பக்கம் நீந்தினாலும் ஒரு மீன் இருக்கிறது. ஏற்கெனவே உளைச்சலில் எதிர்ப்புச் சக்தி இழந்த மீன் வேறு. ஒட்டுண்ணிக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. அதனால்தான் தொட்டியின் நீளத்தைக் கேட்காமல் நான் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை.

அளவு மட்டும் பார்த்தாலும் போதாது, குணத்தையும் பார்க்க வேண்டும். டாம்செல் மீன்கள் விரல் நீளம்தான். நான்கடித் தொட்டியில் பாதியைத் தனது என்று வளைத்துக்கொண்டு புதிதாக வருகிறவற்றின் துடுப்பைக் கிழித்துவிடும். டாங் மீன்களுக்கு வால் தொடங்கும் இடத்தில் கத்திபோன்ற முள் உண்டு, ஒரே உடல் வடிவுள்ள இரண்டை ஒன்றாக விட்டால் அதைப் பயன்படுத்தத் தயங்காது. மாண்டரின் மீன் சாந்தமானது, ஏழெட்டு சென்டிமீட்டர்தான். ஆனால் அது நாள் முழுவதும் பாறையில் ஊரும் நுண்ணிய ஓட்டுயிரிகளைப் பொறுக்கித் தின்று வாழ்வது. 200 லிட்டருக்கு மேல், நிறைய லைவ் ராக்கோடு (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) பல மாதம் முதிர்ந்த தொட்டி இல்லையென்றால், நீங்கள் போடும் தீனியின் நடுவிலேயே மெல்ல மெல்லப் பட்டினியில் போய்விடும். புதுத் தொட்டிக்கு அதை வாங்க வேண்டாம் என்று நான் கெஞ்சியே கேட்டுக்கொள்வேன்.

என்னைக் கேட்டால், 120 லிட்டர் அளவுள்ள இரண்டடித் தொட்டிக்கு ஒரு ஜோடி க்ளௌன் மீனும் ஒரு கோபியும் போதும். 240 லிட்டர் அளவுள்ள நான்கடித் தொட்டியில் க்ளௌன் ஜோடி, பங்காய் கார்டினல் ஜோடி, ஒரு ராயல் கிராமா, ஒரு கோபி, கடைசியாக ஒரு கோரல் பியூட்டி ஏஞ்சல் என்று ஏழு வரை போகலாம். மஞ்சள் டாங்குக்கு ஐந்தடியாவது வேண்டும். ப்ளூ டாங்குக்கு ஆறடிக்குக் குறைந்த தொட்டியை நான் பரிந்துரைப்பதில்லை. எம்பெரர் ஏஞ்சல் ஆயிரம் லிட்டர் வைக்க முடிந்தவர்களுக்கு. உயரமான தொட்டி அழகாக இருக்கும், லிட்டர் கணக்கும் கூடும். ஆனால் நீந்தித் திரியும் மீனுக்கு வேண்டியது நீளம். காற்று படும் மேற்பரப்பு கூடுவதும் நீள அகலத்தால்தான்.

கண்ணாடிக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். மணல், பாறை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போனால் 180 லிட்டர் தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் இருந்தாலே பெரிது. முதல்முறை நிரப்பும்போது வாளிக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மருந்து அளவுக்கும் அது உதவும். சம்ப் என்ற துணைத் தொட்டி வைத்தால் தண்ணீர் கூடும், கழிவின் அடர்த்தி குறையும். மீன் நீந்தும் இடம் ஓர் அங்குலமும் கூடாது. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் அந்த இடத்தைக் கூட்டாது.

புதுத் தொட்டியில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன் பிறகும் அவற்றின் எண்ணிக்கை அன்றைக்கு இருக்கும் கழிவுக்கு ஏற்றபடிதான் இருக்கும். ஒரே நாளில் நான்கு மீன் விட்டால் அவை ஈடுகொடுக்காது. ஒன்றோ ஒரு ஜோடியோ விட்டு, மூன்று நான்கு வாரம் பொறுத்து அடுத்தது. சாதுவானவை முதலில், அதிகாரம் செய்பவை கடைசியில். அந்த இடைவெளியில் அடுத்த மீனைத் தனித் தொட்டியில் வைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

ஏற்கெனவே அதிகமாக விட்டுவிட்டவர்கள், எது மிகப் பெரிதாக வளரும் என்று பார்த்து அதை முதலில் வெளியே அனுப்புங்கள். வாங்கிய கடையில் திரும்ப எடுப்பார்களா என்று கேளுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். கடலில் மட்டும் விடாதீர்கள். 1985-ல் ஃப்ளோரிடா கரையோரம் முதன்முதலில் காணப்பட்ட லயன் ஃபிஷ் இன்று கரீபியன் கடலெங்கும் பரவி அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அதற்கு மூலம் என்று கருதப்படுகிறது. டாங்கைப் பிடிக்கும்போது வலையைத் தவிருங்கள், வால் முள் சிக்கிக்கொள்ளும். தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் மெதுவாக ஒதுக்கித் தண்ணீரோடு தூக்குங்கள். அது போனதும் காலியான இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து விடாமல், மிச்சமிருக்கும் மீன்கள் காலையில் எப்படி மூச்சு விடுகின்றன என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு என்னைப் போன்றவர்களிடம் மருந்தைப் பற்றிக் கேளுங்கள்.